கலேயை இழந்த அரசிக்குப் படைச் சீர்திருத்தத்தின் பெருமை உண்டா?

கோட்டைவாசல் எழுதியது:

இங்கிலாந்தின் முதலாம் மேரியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விஷயங்கள்தான் வரும். ஒன்று, மதத்தின் பெயரால் எரித்துக் கொல்லப்பட்ட சுமார் 280 பேர். இன்னொன்று, 1558 ஜனவரியில் பிரான்சிடம் பறிகொடுத்த கலே என்ற துறைமுக ஊர். முதல் விஷயத்தில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை, அது கொடுமை. ஆனால் "படை, போர் என்று வந்தால் மேரி ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் தங்கை எலிசபெத் செய்தது" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

மேரி 1553 ஜூலையில் அரியணை ஏறியபோது அந்த நாட்டுக்கு நிலைப்படை என்று ஒன்று கிடையாது. போர் வந்தால் பிரபுக்கள் தங்கள் குத்தகைக்காரர்களையும் வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இன்னொரு பக்கம் ஊர்க் குடிப்படை. அதற்கு ஆதாரம் 1285இல் போட்ட வின்செஸ்டர் சட்டம். கிட்டத்தட்ட 270 வருடப் பழசு. அந்த ஏற்பாடு எவ்வளவு நம்பகமானது என்பதை மேரியே நேரில் பார்த்தார். 1554 தொடக்கத்தில் தாமஸ் வயட் கலகம் செய்தபோது, அடக்கப்போன லண்டன் வெள்ளைச்சட்டைப் படை ரோச்செஸ்டர் அருகே அப்படியே எதிரி பக்கம் சாய்ந்தது. கலகக்காரர்கள் லண்டன் வாசல்வரை வந்துவிட்டார்கள்.

1558 நாடாளுமன்றத்தில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று குதிரை, கவசம், ஆயுதம் வைத்திருப்பது பற்றி. இன்னொன்று படைக்கு ஆள் கணக்கெடுப்பது பற்றி. முதல் சட்டம் வருமானத்தை வைத்து மக்களைப் பத்துத் தட்டாகப் பிரித்தது. வருடம் 1,000 பவுண்டும் அதற்கு மேலும் வரும் பெரிய பிரபு 16 குதிரை, 40 மார்புக் கவசம், 40 நெட்டீட்டி, 30 வில், 20 துப்பாக்கி என்று ஒரு சிறு கிடங்கே வைத்திருக்க வேண்டும். 5 பவுண்டு வருமானக்காரர் ஒரு தகட்டுச் சட்டை, ஒரு கோடரி ஈட்டி, ஒரு வில், ஒரு கட்டு அம்பு, ஓர் இரும்புத் தொப்பி வைத்திருந்தால் போதும். தனியாக எதுவும் விதிக்கப்படாதவர்களுக்காக ஊரே பொதுவில் ஆயுதம் வாங்கி வைக்க வேண்டும்.

அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. மனைவி பட்டு கவுனும் வெல்வெட் தொப்பியும் போட்டு வெளியே வந்தால் கணவன் போர்க்குதிரை வைத்திருக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு விதி இருந்தது. 1558 சட்டம் அதை விடாமல், வேறு எந்தத் தட்டிலும் சிக்காத அந்தக் கணவன் ஒரு படைக்குதிரையாவது கட்டியிருக்க வேண்டும் என்றது. வருமானத்தை மறைக்கலாம், பட்டை மறைக்க முடியாது. ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

1588இல் ஸ்பானியக் கடற்படை வந்தபோது இங்கிலாந்து ஊர் ஊராகத் திரட்டிய படை எந்தச் சட்டத்தின் கீழ் ஆயுதம் வைத்திருந்தது? மேரியின் சட்டத்தின் கீழ்தான். 1604 வரை அதுதான் நடைமுறை. இந்தப் பெருமையை ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

---

நிலாமுற்றம் எழுதியது:

அண்ணா, நீங்கள் ஒரு தேதியை விட்டுவிட்டீர்கள். அந்த நாடாளுமன்றம் கூடியது 1558 ஜனவரி 20. கலே விழுந்தது ஜனவரி 7. நடுவில் இரண்டே வாரம். கண் கெட்ட பிறகு செய்த சூரிய நமஸ்காரத்தைப் பெருமை என்று எழுதுகிறீர்கள்.

கலேயைப் பறிகொடுத்த அந்தப் பிரெஞ்சுப் போரே வேண்டாத போர். 1554இல் ஸ்பெயினின் பிலிப்பை மேரி மணந்தபோது, பிலிப் குடும்பத்துக்கும் பிரான்சுக்கும் நடக்கும் சண்டையில் இங்கிலாந்தை இழுக்கக் கூடாது என்று திருமண ஒப்பந்தத்திலேயே எழுதி, நாடாளுமன்றமும் அதை ஏற்றது. மக்கள் அந்த வாக்கை நம்பித்தான் அந்தக் கல்யாணத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். 1557 மார்ச்சில் பிலிப் திரும்பி வந்தார். பாசத்தால் வரவில்லை, ஆளும் பணமும் கேட்டு வந்தார். அரசியின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முடியாது என்றது. ஒப்பந்தத்தைக் காட்டியது, கஜானாவைக் காட்டியது, பஞ்சத்தைக் காட்டியது. மேரி கவுன்சிலர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டியதாக அப்போதைய பிரெஞ்சுத் தூதர் எழுதி அனுப்பியிருக்கிறார். ஜூன் 7 அன்று போர் அறிவிப்பு. ஜூலையில் பிலிப் கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு மனைவி முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நாட்டின் நிலையைப் பாருங்கள். 1555இல் விளைச்சல் பொய்த்தது, 1556இல் மறுபடியும் பொய்த்தது. 1557இலிருந்து காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனது. அந்த வருடத்திலேயே வசதியுள்ளவர்களிடம் "கடன்" என்ற பெயரில் கட்டாயமாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வசூலித்தார்கள். சீர்திருத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடுகள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

---

கடலோடி எழுதியது:

தம்பி கோட்டைவாசல், தங்கை நிலாமுற்றம், இருவரும் தரைப்படையிலேயே நிற்கிறீர்கள். நான் 31 வருடம் கப்பலில் வேலை பார்த்தவன், அதனால் என் கண் வேறு பக்கம் போகிறது.

மேரி செய்த உருப்படியான படை வேலை 1557 ஜனவரியில் நடந்தது. போர் அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்பு. கடற்படைப் பொருளாளர் பெஞ்சமின் கான்சன் கைக்கு வருடம் 14,000 பவுண்டு, அரை வருடத்துக்கு 7,000 என்று இரண்டு தவணையாக, தவறாமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மேற்பார்வை கருவூலத் தலைவர் வின்செஸ்டர் பிரபு. பெரிய பழுதெல்லாம் பார்த்து முடிந்தபின் 10,000க்கு இறக்கிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நான் சிறு வயதில் தோணி கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். பலகைக்குப் பலகை இடையில் நாரையும் பஞ்சையும் திணித்து, எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து என்று பெயர். தோணி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கலப்பத்து பார்த்தே ஆக வேண்டும். ஒரு பருவம் சரக்கு இல்லை, காசு இல்லை என்று கரையில் போட்டுவிட்டால், அடுத்த பருவம் தண்ணீரில் இறக்கும்போது அடியில் ஊற்று மாதிரி வரும். கலப்பத்துக்காரர் விரலால் பலகையை அழுத்துவார், ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போகும். ஐந்து ரூபாய் வேலை ஐயாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். அரசாங்கக் கப்பலும் அதே மரம்தான். போர் வந்தால் காசு, போர் முடிந்தால் கைகழுவு என்று நடந்த இடத்தில், சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வளவு காசு உண்டு என்று எழுதி வைத்தது மேரியின் ஆட்சி. கப்பற்படையை நிரந்தரச் செலவாக ஒப்புக்கொண்ட இடம் அது.

புதுக் கப்பல்களும் இறங்கின. 'பிலிப் அண்ட் மேரி' 1556இல். பழைய மேரி ரோஸ் 1545இல் மூழ்கியதல்லவா, அதே பெயரில் புதிதாக ஒன்று, அதுவும் 1556இல். 'கோல்டன் லயன்' 1557இல். மூன்றும் 1588இல் சண்டைக்குப் போயின. பிலிப்பின் பெயர் தாங்கியதை அதற்குள் 'நான்பரேல்' என்று மாற்றிவிட்டார்கள். யார் பெயரை வைத்துக் கட்டினார்களோ அந்த ராஜாவின் படையையே எதிர்த்துப் போன கப்பல்.

ஆனால் தம்பி, எனக்குத் தூக்கம் கெடுப்பது வேறொன்று. இங்கிலாந்தின் டோவரிலிருந்து கலேக்குக் கடல் தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். நான் அந்த ஃபெர்ரியில் போயிருக்கிறேன், சுமார் ஒன்றரை மணி நேரம். வானம் தெளிவாக இருந்தால் மேல்தளத்தில் நின்று முன்னால் திரும்பினால் பிரான்ஸ், பின்னால் திரும்பினால் டோவரின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. இவ்வளவு செலவழித்துச் சீர்செய்த கடற்படை அந்தத் தூரத்தைத் தாண்டி ஒரு படையைக் கொண்டுபோய் இறக்கவில்லை. குளிர்காலம் என்று கப்பல்களைக் கட்டிப்போட்டு மாலுமிகளை அனுப்பிவிட்டார்கள். ஆள் சேர்த்துத் தயாராவதற்குள் ஊர் போய்விட்டது. கலே பக்கத்தில் மிச்சமிருந்த கீன் கோட்டைக்காவது உதவி அனுப்பலாம் என்று திரட்டிய கப்பல்களை ஜனவரி 9, 10இல் அடித்த புயல் சிதறடித்தது.

---

புதுவாசகன் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கலே பிரான்சில் இருக்கும் ஊர்தானே? அது எப்படி இங்கிலாந்துக்குச் சொந்தம்? ஓர் ஊர் போனதற்கு ஏன் இவ்வளவு துக்கம்?

---

பேரேடு எழுதியது:

புதுவாசகன், சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் எட்வர்டு 1347இல் முற்றுகையிட்டுப் பிடித்த ஊர். இங்கிலாந்து ராஜாக்கள் ஒரு காலத்தில் பிரான்சில் ஆண்டதில் கடைசியாக மிஞ்சியது. 1536 முதல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களையே அனுப்பியது. ஆங்கிலேயக் கம்பளி வெளிநாட்டுக்குப் போவதற்கான ஒரே அதிகாரபூர்வச் சந்தை அங்கேதான் இருந்தது. வரியும் அங்கேயே வசூல்.

இப்போது என் கருத்து. தொழிலில் நான் தணிக்கைக்காரன், அதனால் கணக்கு வழியாகத்தான் எனக்குப் பேச வரும்.

1550களுக்கு வரும்போது கலேயின் பொருளாதார மதிப்பு தேய்ந்துவிட்டது. இங்கிலாந்து கம்பளியாக விற்பதைவிட நெய்த துணியாக விற்பது பல மடங்கு ஆகிவிட்டது. துணி போன இடம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் துறைமுகம். கலே கோட்டைகளையும் காவல்படையையும் பராமரிக்கும் செலவோ வருடா வருடம் அப்படியே நின்றது. வெறும் ஏட்டை மட்டும் பார்த்தால் அந்த இழப்பு அரசுக்கு ஒரு செலவைக் குறைத்தது. இதை எழுதும்போதே நிலாமுற்றம் அவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஏட்டில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

அதே ஏட்டில் மேரிக்குச் சாதகமான ஒரு பக்கமும் இருக்கிறது, அதை இங்கே யாரும் தொடவில்லை. 1558இல் சுங்கத்துக்குப் புதிய மதிப்புப் பட்டியல் போட்டார்கள். அதுவரை சரக்குகளுக்குப் பல பத்தாண்டுப் பழைய விலையை வைத்தே வரி கணக்கிட்டு வந்தார்கள். சந்தை விலை எங்கேயோ போய்விட்டது, பட்டியல் மட்டும் தாத்தா காலத்தில் நின்றது. அதைத் திருத்தியதும் வருடம் 30,000 பவுண்டுக்குக் கீழே இருந்த சுங்க வருவாய் 80,000ஐத் தாண்டியது. இந்தப் பணத்தை அனுபவித்தது எலிசபெத். சீர்திருத்தத்தில் மேரிக்கு ஒரே ஒரு வரி எழுத இடம் இருந்தால் நான் படைச் சட்டத்தை எழுதமாட்டேன், இந்தப் பட்டியலைத்தான் எழுதுவேன். காசு வரும் வழியைச் சரிசெய்யாமல் கவசக் கணக்கு போட்டு என்ன பயன்?

மற்றொரு பக்கம்: மேரி இறந்தபோது அரசுக்கடன் 2 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆன்ட்வெர்ப் வட்டிக்கடைக்காரர்களிடம் நூற்றுக்கு 12, 14 வட்டியில் வாங்கிய கடனும் அதில் உண்டு. அவர் ஏறும்போதே கடன் இருந்தது, சரி. ஆனால் ஆட்சியின் முதல் வருடங்களில் கருவூலத்தை ஒழுங்குபடுத்தி, சிதறிக்கிடந்த வருவாய்த் துறைகளை ஒன்றாக்கிச் சேர்த்த பலனை 18 மாதப் போர் தின்றுவிட்டது.

---

நிலாமுற்றம் எழுதியது:

> வெறும் ஏட்டை மட்டும் பார்த்தால் அந்த இழப்பு அரசுக்கு ஒரு செலவைக் குறைத்தது.

பேரேடு சார், கோபம் இல்லை. ஆனால் அந்த ஏட்டில் வராத பக்கத்தை நான் எழுதுகிறேன்.

ஜனவரி 1 அன்று பிரெஞ்சுத் தளபதி கீஸ் கோமகன் பிரான்சுவா கிட்டத்தட்ட 30,000 பேரோடு கலே எல்லைக்குள் வந்தார். குளிர்காலத்தில் யாரும் முற்றுகைக்கு வரமாட்டார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலம்தான் பாதி காவல். அது உறைந்து கிடந்தது. நகரத்துக்குள் இருந்த வீரர்கள் சில நூறு பேர். தரைப்பக்கம் பாலத்தைக் காத்த நியூலே கோட்டை, துறைமுகத்தைக் காத்த ரிஸ்பேங்க் கோட்டை, இரண்டும் 3ஆம் தேதிக்குள் போயின. துறைமுகம் போனபின் கடல்வழி உதவிக்கு வழியே இல்லை.

பிறகு பழைய அரண்மனைக் கோட்டையைப் பீரங்கியால் இடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள்: கோட்டையை விட்டு வெளியேறி, அடியில் வெடிமருந்து வைத்து, எதிரி உள்ளே நுழைந்ததும் கொளுத்துவது. 6ஆம் தேதி கடல் வற்றிய நேரம், பிரெஞ்சு வீரர்கள் இடுப்பளவு தண்ணீரில் அகழியைக் கடந்து உள்ளே வந்தார்கள். அவர்கள் உடையிலிருந்து சொட்டிய தண்ணீரில், தரையில் கோடாகத் தூவி வைத்திருந்த மருந்து நனைந்துபோனது, தீ பற்றவில்லை என்று அக்காலத்து ஆங்கிலேயக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கோட்டையைத் திரும்பப் பிடிக்கப் போன மார்ஷல் ஆன்டனி ஆச்சர் அங்கேயே செத்தார். மறுநாள் சரண். ஆளுநர் வென்ட்வொர்த்தும் ஐம்பது பேரும் கைதிகள். மற்ற ஆங்கிலேயக் குடும்பங்கள் வீடு, கடை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் விட்டு ஜனவரிக் குளிரில் வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது செலவுக்குறைப்பு இல்லை.

கோட்டைவாசல் அண்ணாவிடம் நேராக ஒரு கேள்வி. டிசம்பர் கடைசியில் ஆபத்து தெரிந்து கவுன்சில் உதவிப்படை அனுப்ப உத்தரவு போட்டது. உடனே அதை நிறுத்தியும் வைத்தது. பிலிப் பக்கத்திலிருந்தும் எச்சரிக்கை வந்தது. யாருக்காகப் போருக்குப் போனார்களோ அவருடைய எச்சரிக்கையைக்கூட நம்பவில்லை. பட்டு கவுன் போட்டவள் வீட்டில் குதிரை இருக்கிறதா என்று எண்ணத் தெரிந்த அரசுக்கு, சொந்தக் கோட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணத் தெரியவில்லையா?

---

கோட்டைவாசல் எழுதியது:

நியாயமான கேள்வி, தங்கை. பதில் சொல்வதற்கு முன் போர் எப்படி வந்தது என்பதில் விடுபட்டதைச் சேர்க்க வேண்டும்.

கவுன்சில் மறுத்தது உண்மை. அந்த மறுப்பை உடைத்தது மேரியின் மிரட்டல் மட்டும் இல்லை. 1557 ஏப்ரல் கடைசியில் தாமஸ் ஸ்டாஃபோர்டு என்பவர் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து யார்க்‌ஷயர் கரையில் ஸ்கார்பரோ கோட்டையைப் பிடித்துக்கொண்டு, நாட்டுக்கு நானே பாதுகாவலன் என்று அறிவித்தார். சில நாளில் பிடிபட்டார், மே 28 அன்று தலை போனது. ஆனால் மேரிக்கு எதிராகச் சதி செய்து தப்பி ஓடியவர்களுக்கெல்லாம் பிரான்ஸ் புகலிடம் கொடுத்து வந்தது என்பது ஊரறிந்த விஷயம். அவர்களில் ஒருவன் கோட்டையையே பிடித்த பிறகு எந்தக் கவுன்சிலும் "நமக்கு இதில் சம்பந்தமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

போரின் முதல் பாதியும் தோல்வி இல்லை. பெம்ப்ரோக் பிரபு தலைமையில் சுமார் 7,000 பேர் போனார்கள். ஆகஸ்ட் 10 அன்று வட பிரான்சில் நடந்த செயின்ட் குவென்டின் பெருஞ்சண்டைக்கு அவர்கள் வந்து சேரவில்லை, தாமதம். ஆனால் 27ஆம் தேதி அந்த நகரத்தைத் தாக்கிப் பிடித்ததில் பங்கு உண்டு. அந்தப் படையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மேரிக்கு எதிராக ஜேன் கிரேயை அரியணையில் ஏற்றிய நார்தம்பர்லாந்தின் பிள்ளைகள். ராபர்ட் டட்லி போனார். தம்பி ஹென்றி டட்லி அந்த முற்றுகையில் உயிர் விட்டார். நான்கு வருடம் முன்பு துரோகக் குடும்பம், இப்போது அரசியின் கொடிக்குக் கீழ். உள்நாட்டில் பிளந்து கிடந்த பிரபுக்கள் ஒன்றாகக் குதிரை ஏறியது அந்தப் போரில்தான்.

அந்த 7,000 பேரும் பெரும்பாலும் பிரபுக்கள் கூட்டி வந்த ஆட்கள், பழைய முறை. அது தாமதமாக வந்தது. கலேக்கு ஆள் திரட்டியதும் தாமதம். ஆகவே ஜனவரியில் கூடிய நாடாளுமன்றம் பழைய முறையின் ஓட்டை எங்கே என்று கண்ணால் பார்த்தவர்களின் கூட்டம். நீங்கள் சூரிய நமஸ்காரம் என்றீர்கள். அடிபட்ட உடனே, இரண்டே வாரத்தில் உட்கார்ந்து, 270 வருடச் சட்டத்தைக் கழித்துப் புதிதாக எழுதுவது எத்தனை அரசுகளால் முடியும்?

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். உதவிப்படையை நிறுத்தியதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கீஸின் குறி வேறு கோட்டை என்று வென்ட்வொர்த் முதலில் நினைத்து எழுதியதும் ஒரு காரணம். ஆனால் எல்லைக் கோட்டையில் ஆளைக் குறைத்தது லண்டனின் சிக்கனம். எதிரி பக்கத்தில் இருக்கும் ஊரைப் போருக்கு இழுத்துவிட்டு அதன் காவலைக் குறைத்தது தவறு. அதை மழுப்ப மாட்டேன்.

---

பேரேடு எழுதியது:

அண்ணாவின் சட்டப் புகழ்ச்சியில் இரண்டு திருத்தம்.

ஒன்று, பட்டியலையே படியுங்கள். பெரிய பிரபுவுக்கு 30 வில், 20 துப்பாக்கி. 5 பவுண்டுக்காரருக்கு வில் மட்டும். ஐரோப்பா நெட்டீட்டியும் துப்பாக்கியும் சேர்ந்த படைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. சட்டம் புதுசு, ஆயுதக் கிடங்கு பாதி பழசு.

இரண்டு, இது ஆயுதம் *வைத்திருக்கும்* சட்டம். அதைப் பிடிக்கக் *கற்றுக்கொடுக்கும்* சட்டம் இல்லை. ஊர் மக்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் முறையாகப் பயிற்சி கொடுப்பது எலிசபெத் காலத்தில் 1573 வாக்கில்தான் வந்தது. மாவட்டப் பெரியவர்கள் தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துக் காட்டிக்கொண்டதும் உண்டு. வருமானம் குறைந்தால் கவசமும் குறையும்.

ஆனால் கணக்கெடுப்புச் சட்டத்தில் ஒரு பகுதியை நான் மதிக்கிறேன், அதை யாரும் பேசவில்லை. அழைத்த நாளில் வராதவனுக்கு 10 நாள் சிறை, இல்லை 40 ஷில்லிங் அபராதம். அதுகூடச் சாதாரணம். ஆள் எடுக்கும் அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு யாரையாவது விட்டுவிட்டால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு கட்ட வேண்டும். ஊரில் காசுள்ளவன் மகன் வீட்டில் இருப்பான், இல்லாதவன் மகன் ஈட்டி தூக்குவான் என்பது நடந்துகொண்டிருந்ததால்தான் இந்த விதி தேவைப்பட்டது. அரசே அதைச் சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டது. என் தொழிலில் இப்படிப்பட்ட ஒரு வரியைப் பார்த்தால் அந்த ஆவணத்தின் மீது மரியாதை வரும்.

---

நிலாமுற்றம் எழுதியது:

அந்த லஞ்ச விதி எனக்குத் தெரியாது. நல்ல விதி. கடலோடி ஐயா சொன்ன 14,000 பவுண்டு ஏற்பாட்டையும் ஒப்புக்கொள்கிறேன். போருக்கு முன்பே, சொந்தத் தேவைக்காகச் செய்தது. அதில் மேரிக்கு உரிய பெருமையை நான் பிடித்து வைக்கவில்லை.

ஆனால் பிரபுக்கள் ஒன்றாகக் குதிரை ஏறினார்கள் என்பதைப் பெருமையாக என்னால் படிக்க முடியவில்லை, அண்ணா. யாருக்காக ஏறினார்கள்? அப்போது போப் நான்காம் பாலே பிரான்சோடு சேர்ந்து பிலிப்பை எதிர்த்தவர். போப்பாண்டவருக்காக நாட்டையே கத்தோலிக்க மதத்துக்குத் திருப்பிய அரசி, கணவனுக்காகப் போப்பின் கூட்டாளியோடு போரிட்டார். அவருடைய நெருங்கிய துணை கர்தினால் போலிடமிருந்து போப்பின் தூதர் என்ற பதவியையே போப் பறித்தார். பிலிப்போ அதே 1557இல் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் தர முடியாது என்று கைவிரித்தவர். இரண்டு பெரிய ராஜ்ஜியங்களும் திவாலாகும் சண்டையில், பஞ்சத்தில் கிடந்த மூன்றாவது நாடு போய் விழுந்தது. இங்கிலாந்துக்கு ஜெயித்தால் கிடைக்கும் என்று ஏதாவது இருந்ததா? ஒரு கிராமம்? ஒரு துறைமுகம்? எனக்கு எதுவும் தெரியவில்லை. தோற்றால் போவதற்கு மட்டும் கலே இருந்தது.

1558 கோடையில் படைக்கு ஆள் கூப்பிட்டபோது காய்ச்சல் பரவியிருந்தது. கவசம் இருந்தது, போட்டுக்கொள்ள எழுந்து நிற்கிற ஆள் குறைவு. மேரியும் அந்த நவம்பர் 17இல் போய்விட்டார். வயது 42.

---

கடலோடி எழுதியது:

தங்கை சொல்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். மிச்சக் கால்வாசிக்கு இதைச் சொல்கிறேன்.

1558 ஜூலையில் கிரேவ்லைன்ஸ் மணற்கரையில் பிலிப்பின் தளபதி எக்மாண்ட் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். அப்போது ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் இருந்து பிரெஞ்சுக்காரர் பக்கவாட்டில் சுட்டன. கலேயிலிருந்து கூப்பிடு தூரம். ஆறு மாதம் முன்பு இதே கப்பல்கள் அங்கே நின்றிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். கோடையில் வந்த கடற்படை, குளிரில் வரவில்லை. அது கடற்படையின் குற்றமா, அதைக் கட்டிப்போட்டவர்களின் குற்றமா?

இன்னொன்று, எலிசபெத்துக்கும் கலே கிடைக்கவில்லை. பிரான்சோடு செய்த 1559 சமாதானத்தில் எட்டு வருடம் கழித்துக் கலேயைத் திருப்பித் தருவது, இல்லாவிட்டால் 5 லட்சம் பொற்காசு கொடுப்பது என்று ஒரு வார்த்தை இருந்தது. அவர் பொறுக்காமல் 1562இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் படையை இறக்கினார். அங்கே பிளேக் வந்து படை அழிந்தது, 1563 ஜூலையில் சரண். அடுத்த வருட ஒப்பந்தத்தில் 1,20,000 பொற்காசு கைக்கு வந்தது, கலே உரிமை போனது. அவருக்குத் திருத்திய சுங்கம் இருந்தது, புதுச் சட்டம் இருந்தது, நல்ல கப்பல் இருந்தது. அப்படியும் அந்தக் கரையில் ஒரு காலடி நிற்கவில்லை. ஆகவே கலே இழப்பை மேரி தலையில் மட்டும் கட்டும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கலேயில் நோத்ர் தாம் தேவாலயம் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆண்டபோது வளர்ந்த கட்டடம். உள்ளே நின்றால் இங்கிலாந்து ஊர்க் கோயிலில் நிற்பது போலத்தான் தோன்றும், ஜன்னல் கோடுகள்கூட அதே பாணி. பின்னாளில் பிரான்சின் அதிபரான டிகால் 1921இல் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். நான் போன அன்று யாரோ ஒரு வயதானவர் கடைசி பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் கட்டியது என்று கேட்டேன். "எங்கள் கோயில்" என்று மட்டும் சொன்னார்.

---

புதுவாசகன் எழுதியது:

நன்றி. இன்னும் ஒன்று. மேரி சாகும்போது "என் நெஞ்சைத் திறந்தால் கலே இருக்கும்" என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். உண்மையா?

---

கோட்டைவாசல் எழுதியது:

அந்த வார்த்தை அவர் இறந்தபின் எழுதப்பட்ட நூல்களில் வருவது தம்பி. உடனிருந்தவர்கள் கேட்டதாகச் சொல்லப்படுவது. சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கலே போனபின் அவர் கவுன்சிலை விடாமல் நச்சரித்தார், நாடாளுமன்றத்தில் வரி கேட்டார், கரையோரக் காவலைப் பலப்படுத்தச் சொன்னார் என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

நிலாமுற்றம், முதல் பதிவில் ஒரு மாற்றம் செய்ய நினைக்கிறேன். மேரியின் படைச் சீர்திருத்தம் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன். அதை இரண்டாகப் பிரிக்கிறேன். 1557 ஜனவரிக் கடற்படை ஏற்பாடு போருக்கு முன் யோசித்துச் செய்தது. 1558 சட்டங்கள் அடிபட்டுச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது என் பிழை. 1588 வரை ஊர்ப்படை நின்றது அந்தச் சட்டத்தில்தான் என்ற வரியை மட்டும் எடுக்கமாட்டேன்.

---

நிலாமுற்றம் எழுதியது:

அந்த வரி இருக்கட்டும் அண்ணா. அதற்கு அடுத்த வரியாக, கட்டாயக் கடன் கொடுத்தவர்களையும் கலேயிலிருந்து மூட்டையோடு வெளியேறியவர்களையும் சேர்த்துவிடுங்கள். தொடக்கப் பதிவை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

---

கோட்டைவாசல் எழுதியது:

சேர்த்துவிட்டேன்.